வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவுக்கு மூச்சுத் தசைப் பயிற்சி கொடுக்கலாமா?

அப்பா டெல்லி ஆஸ்பத்திரியில் 19 நாளாக வென்டிலேட்டரில், கழுத்தில் துளை போட்டாயிற்று, மெஷினை எடுத்தால் அரை மணி நேரத்தில் திணறுகிறார். இந்த நிலையில் பயிற்சி கொடுத்தால் இன்னும் களைத்துவிட மாட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் டெல்லியில் ஐசியு பிசியோதெரபிஸ்ட்தான். பயிற்சி கொடுக்கலாமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம்.

மெஷினே மூச்சை இழுத்துக் கொடுப்பதால், மூச்சிழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் சும்மா கிடந்து இளைத்துவிடும். 2008-இல் வந்த ஓர் ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் அசையாமல் இருந்ததற்கே அதன் தசை இழைகள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன. உங்கள் அப்பாவுக்கு 19 நாள்!

பயிற்சி சின்னதுதான். கழுத்துக் குழாயில் ஸ்பிரிங் வால்வு உள்ள கருவியை மாட்டுவார்கள். பலமாக இழுத்தால்தான் காற்று வரும். ஆறு மூச்சு இழுத்ததும் மறுபடி வென்டிலேட்டரில் ஓய்வு. இப்படி நாலைந்து சுற்று, தினம் ஒரு வேளை. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பயிற்சி பெற்ற 35 பேரில் 25 பேர் மெஷினிலிருந்து விடுபட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா பெயரளவுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்ட 34 பேரில் 16 பேர்தான். எல்லா ஆய்வும் இவ்வளவு சாதகமாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நினைவு தெளிவாக, ரத்த அழுத்தம் நிலையாக இருக்க வேண்டும். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அப்புறம், அப்பாவுக்கு இந்தி தெரியாது என்கிறீர்களே. “ஜோர் ஸே கீஞ்சியே” (பலமாக இழுங்கள்) என்று நர்ஸ் சொன்னால் மிரண்டு பார்ப்பார். பயிற்சி நேரத்தில் உங்களை உள்ளே விடச் சொல்லுங்கள். காதருகில் போய், “ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுற மாதிரி இழுங்கப்பா” என்று நீங்களே சொல்லுங்கள்.