யாருக்கும் சொந்தமில்லாத கடலை யார் காப்பது? கேள்வி பதில்

கேள்வி: 200 கடல் மைலுக்கு அப்பால் எந்த நாட்டுக்கும் உரிமை இல்லையே, அங்கே யாரும் எதையும் செய்யலாமா?

பதில்: செய்ய முடியாது. ஒவ்வொரு கப்பலும் ஒரு நாட்டின் கொடியோடுதான் போகிறது, அந்த நாட்டுச் சட்டமும் கூடவே போகும். ஆனால் கண்டுகொள்ளாத நாடாகப் பார்த்துக் கப்பலைப் பதிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 2016-ல் நடைமுறைக்கு வந்த துறைமுக நடவடிக்கை ஒப்பந்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். நடுக்கடலில் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு, ஆனால் பிடித்த மீனை எங்காவது கரையில் இறக்கித்தானே ஆக வேண்டும்? திருட்டு மீன் என்று தெரிந்தால் கப்பலைத் துறைமுகத்துக்குள் விடாமலே திருப்பி அனுப்பலாம்.

கேள்வி: கப்பல் சுமக்கும் தண்ணீருக்குக்கூட ஒப்பந்தம் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. சரக்கை இறக்கிய கப்பல் நிலையாக நிற்க, அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும், அப்புறம் வேறொரு கடலில் சரக்கு ஏற்றும்போது அதைக் கொட்டிவிடும். தண்ணீரோடு முட்டையும் குஞ்சும் சேர்ந்தே போகும். 1980-களில் கருங்கடலுக்கு அமெரிக்கக் கடலோரத்துச் சீப்பு ஜெல்லி இப்படித்தான் வந்தது. உள்ளங்கை அளவு, கண்ணாடி போன்ற உடம்பு, பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் நெத்திலியின் இரையையும் முட்டையையும் சேர்த்தே தின்றது, ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டிருந்த நெத்திலி அடியோடு சரிந்தது. இதைத் தடுக்கும் ஒப்பந்தம் 2004-ல் எழுதப்பட்டு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த 13 ஆண்டுத் தாமதம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: 2023-ல் ஏற்கப்பட்ட ஆழ்கடல் ஒப்பந்தத்தில் புதிதாக என்ன இருக்கிறது?

பதில்: நடுக்கடலில் காப்பகம் அமைக்க வாக்கெடுப்பு. அண்டார்டிகாவின் ராஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக்க, அந்தக் கடலின் உயிர்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையத்தின் எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டியிருந்தது, ஒரே ஒரு நாடு தலையசைக்காவிட்டாலும் கதை முடிந்தது, பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2016-ல்தான் முடிவானது. 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தத்திலும் முதலில் ஒருமித்த கருத்துக்குத்தான் முயல வேண்டும், ஆனால் அது கூடிவராவிட்டால் வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதம் போதும்.

கேள்வி: திமிங்கல வேட்டைத் தடை பலித்ததா?

பதில்: பலித்தது. 1986-ல் சர்வதேசத் திமிங்கல ஆணையத்தின் வணிக வேட்டைத் தடை வந்தது, கூனல் திமிங்கலங்கள் பல கடல்களில் நன்றாகவே பெருகிவிட்டன. ஜப்பான் 2019-ல் அந்த ஆணையத்திலிருந்து விலகித் தன் கடலில் வேட்டையாடுகிறது, அது வருத்தம்தான். நீலத் திமிங்கலத்துக்குத்தான் இன்னும் காலம் பிடிக்கும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும்.