எட்டு வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை

அன்புள்ள ஐயா,

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 1968இலிருந்து 1976 வரை அவர் மௌனமாக இருந்தாராம். நானும் 2009க்குப் பிறகு ஒரு மெட்டும் போடவில்லை. பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுப்பதோடு சரி. என் மௌனமும் ஒருநாள் பலிக்குமா? அவருடைய இசையை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சி,

எதிலிருந்து தொடங்கினாலும் சரிதான். 'ஃபூர் அலினா' சின்னத் துண்டு, பியானோ மட்டும். அதையே கேளுங்கள்.

அந்த 'மௌனம்' என்ற கதைதான் கொஞ்ச நாளாக என்னை உறுத்துகிறது. எல்லோரும் அதை ஏதோ தவம்போலச் சொல்கிறார்கள். நடந்தது என்ன? 1968இல் அவருடைய 'கிரேடோ' மேடையேறியது. சோவியத் ஆட்சியில் கிறிஸ்துவை நம்புகிறேன் என்று பாட வைத்தால் விடுவார்களா? சிக்கல் வந்தது. அதற்குப் பிறகும் 1971இல் மூன்றாம் சிம்பொனி எழுதினார். சோற்றுக்காகத் திரைப்படங்களுக்கு இசை போட்டார். பழைய தேவாலயப் பாடல்களை உட்கார்ந்து படித்தார். பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் ஒரு பகுதியை வாசிப்பார், உடனே ஒற்றை வரி மெட்டு ஒன்று எழுதுவார். இப்படிக் கொப்பி கொப்பியாக. ஒரு குரல் சுர வரிசையில் படிப்படியாக நடக்க, மற்றது ச, க, ப மூன்றுக்குள்ளேயே நிற்கும் அவருடைய புது முறை 1976இல் வந்தது என்றால், இவ்வளவு எழுத்துக்குப் பிறகுதான் வந்தது. மேடையில் பெயர் அதிகம் வரவில்லை, அவ்வளவுதான். கை நிற்கவில்லை.

ராக்வெரே என்ற சிறு நகரத்தில் வளர்ந்தவர். சதுக்கத்து ஒலிபெருக்கியில் சிம்பொனி போனால் சைக்கிளில் அதையே சுற்றிச் சுற்றி வந்து கேட்பாராம். இதை வாசித்ததும் எனக்கு எங்கள் அண்ணர் நினைவு. பொருளாதாரத் தடைக் காலம், பற்றறி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் வானொலி. செய்தி முடிந்ததும் நிறுத்து என்பார் ஐயா. அண்ணர் நிறுத்தமாட்டார், அடுத்தது பாட்டு. கை ஓய்ந்தால் பாட்டு மங்கும். மற்றக் கையை மாற்றுவார். அப்படிக் கேட்ட சனம் நாங்கள்.

போர் முடிந்த 2009ஐச் சொன்னீர்கள். மாத்தளன் மணலைத் தாண்டி வந்தவர்களிடம் ஏன் பாடவில்லை என்று கேட்க ஒருவருக்கும் உரிமையில்லை. நானும் கேட்கமாட்டேன். நீங்கள் எத்தனை வருடம் எழுதாமல் இருந்தாலும் அது உங்களுடையது. ஆனால் அதை பேர்ட்டின் கணக்கில் எழுதாதீர்கள். தானாகப் பலிக்கும் என்று காத்திருப்பது வெறும் சோம்பல், தங்கச்சி. கோபிக்க வேண்டாம், ஆசிரியை என்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் சாதகம் செய்யாமல் வந்தால் விடுவீர்களா?

இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். நாளுக்கு ஒரு வரி போதும், நன்றாக இல்லாவிட்டாலும் கிழிக்கக்கூடாது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வருவீர்கள்தானே? அதையும் கொண்டு வாருங்கள், பார்க்க வேண்டும்.