டிரசர் ஐயா பதில்கள்: முள் குத்தாமலே வீங்கிய விரல்

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஆட்டுக்கறியும் பீரும் கொஞ்சம் தாராளமாகவே போனது. அன்று ராத்திரி 2 மணிக்குக் கால் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிறார். அடிபடவில்லை, முள்ளும் குத்தவில்லை. கிளினிக்கில் ‘கவுட்’, கிருமி எதுவும் இல்லை என்கிறார்கள். கிருமி இல்லாமல் எப்படி வீங்கும்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசராக 31 வருஷம் இருந்தவன் நான். இதே விஷயத்தில் மூக்குடைபட்டும் இருக்கிறேன், தங்கச்சி. வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் ஒருவர் இப்படித்தான் நொண்டிக்கொண்டு வந்தார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவி, இறுக்கிக் கட்டியும் விட்டேன். அன்றைக்கு அந்த லயத்து வீடுகளில் ஒருத்தரும் தூங்கவில்லை.

செம்பனை முள் ஏறினால் அந்த இடத்தில் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கவேண்டிய ஏடிபி (செல்லுக்குச் சக்தி தரும் பொருள்) போன்ற சரக்கு வெளியே கொட்டும். தோலுக்கடியிலும் மூட்டுச் சவ்விலும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் ஜாகா (காவல்காரர்) மாதிரி காவல் இருக்கின்றன. ஜாகா விசிலடிக்கத் திருடனையே பார்க்கவேண்டும் என்றில்லை. வீட்டுச் சாமான் வாசலில் சிதறிக் கிடந்தாலே போதும். உடம்பு அந்நியனைவிட ஆபத்தைத்தான் கவனிக்கிறது என்று 1994-ல் பாலி மேட்சிங்கர் என்ற ஆய்வாளர் எழுதினார்.

உங்கள் வீட்டுக்காரர் விரலில் முள்ளுக்குப் பதிலாக இருப்பது யூரிக் அமிலம் என்ற உடம்புக் கழிவு. அது செய்கிற வேலைதான் கவுட். ரத்தத்தில் கரைந்திருக்கும் வரை வம்பில்லை. கறியும் பீரும் தாராளமாகி அளவு கூடினால், உடம்பில் குளிர்ச்சியான பாதத்து மூட்டில் ஊசி ஊசியாகப் படிந்துவிடும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் குலை வெட்டுகிறவருக்கு இது இன்னும் சுலபம். மேக்ரோஃபேஜ் அந்த ஊசியை விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. உடனே அதற்குள் சில புரதங்கள் கூடி ‘இன்ஃப்ளமசோம்’ என்ற எந்திரமாகச் சேரும். 2002-ல் இதற்குப் பெயர் வைத்தவர்கள் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள். யூரிக் அமில ஊசி இதை முடுக்கிவிடும் என்று 2006-ல் காட்டியதும் அவர்களே. எந்திரம் ஓடினால் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சேதி சொல்லும் புரதம் வெளியே வரும். நம்ம ஜாகாவின் விசில் அதுதான். ரத்தக்குழாய் விரிந்து சிவப்பும் சூடும், நீர் கசிந்து வீக்கம், அப்புறம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் லாரி லாரியாக வந்து இறங்கும். வலிக்காமல் என்ன செய்யும்?

கிளினிக்கில் கவுட் வீக்கத்துக்கான கோல்கிசின் மாத்திரை கொடுத்திருந்தால் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். செங்காந்தள் கிழங்கிலும் அதே மருந்து இருக்கிறது என்று யாராவது அரைத்துக் கொடுத்தால் வாங்கிக் குடிக்காதீர்கள், உயிரே போய்விடும். காய்ச்சலும் குளிரும் சேர்ந்து வந்தால் கவுட் என்று சும்மா இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூட்டில் நிஜமாகவே கிருமி புகுந்திருக்கலாம்.

கேள்வி: அந்த வீக்கத்துக்குச் சுடு ஒத்தடம்தான் என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஐஸ் வைக்கலாமா?
- அதே வாசகி

பதில்: ஐஸ்தான். துணியில் சுற்றி வையுங்கள். மாமியாரிடம் டிரசர் சொன்னதாகவே சொல்லுங்கள், நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.