நின்றுபோன சான்ட்ரோவும் நிற்காத வட்டியும்

கேள்வி: பெருந்துறையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு 38,000 வருகிறது. மனைவி தையலில் 9,000 வரை சம்பாதிக்கிறார். என்னிடம் இருப்பது 2011 மார்ச்சில் பதிவான சான்ட்ரோ. ஒன்றரை வருடமாக ஓயாத செலவு: ஏ.சி. கம்ப்ரசர் 14,000, கிளட்ச் செட் 7,500, ரேடியேட்டர் 5,500, பேட்டரி 4,200, நான்கு டயர் 14,400, ஆல்டர்னேட்டர் 6,000. எல்லாமே கிரெடிட் கார்டில்தான், பெட்ரோலும் அதில்தான். மினிமம் ட்யூவை, அதாவது மாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, தவறாமல் கட்டுகிறேன். போனஸ் வந்தபோது 15,000 சேர்த்தும் கட்டினேன். ஆனாலும் பாக்கி 62,000-இல் நிற்கிறது. போன வாரம் மச்சான் ஓட்டி வரும்போது விஜயமங்கலம் டோல்கேட் அருகே வண்டி சூடாகி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, 38,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். அப்படியே கொடுத்தால் 35,000, ஓடும் நிலையில் ஒரு லட்சம் போகுமாம். தையில் மச்சான் வீட்டுக் கல்யாணம். "சரி பண்ணிடுங்க, இல்லைன்னா உங்க பேர்ல லோன் போட்டுப் புது வண்டி எடுங்க, பாதி தவணை நான் தர்றேன்" என்கிறார். கார் மாதம் 250 கி.மீ.தான் ஓடும். வேலைக்கு பைக். அம்மாவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: 'தவறாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பிரச்சினை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. வண்டி இரண்டாவது. கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், ஒருமுறை பேப்பரில் போட்டுப் பாருங்கள். 62,000-க்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி 2,170. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 390. ஆக 2,560. மினிமம் ட்யூ 5 சதவீதம் என்றால் 3,100 கட்டுகிறீர்கள். அசலில் கழிவது 540 ரூபாய்தான். அதே மாதம் பெட்ரோலுக்கு 1,950 அளவில் தேய்க்கிறீர்கள். 3,100 கட்டிய பிறகும் பாக்கி 1,400 ஏறுகிறது.

இன்னொன்றும் உண்டு. கார்டில் பாக்கி இருக்கும்வரை அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. நீங்கள் போடும் பெட்ரோலுக்குத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. மினிமம் ட்யூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கட்டத் தவறியவர் என்று சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவில்) ஏறாது. அதற்கு மேல் அதனால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை.

இப்போது காரின் உண்மையான செலவு. ரிப்பேர் 51,600-ஐ 18 மாதத்துக்குப் பிரித்தால் 2,870. பெட்ரோல் 1,950. இன்ஷூரன்ஸ் மாதக் கணக்கில் 330. கார்டு வட்டி 2,560. மொத்தம் 7,700 சொச்சம். ஓடுவது 250 கி.மீ. கிலோமீட்டருக்கு 31 ரூபாய் ஆகிறது. ஊர் ஸ்டாண்டில் டிரைவரோடு வண்டி எடுத்தாலே இதைவிடக் குறைவு. சொந்த வண்டி என்ற பெயரில் டாக்ஸிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த 38,000-ஐயும் முடிவான தொகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கூலன்ட் குறைந்தோ ஃபேன் ஓடாமலோ சூடு ஏறியிருக்கும். முள் சிவப்பைத் தொட்ட பிறகும் வண்டியை ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும், கேஸ்கட் வெடிக்கும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் பால்காபி நிறத்தில் குழகுழவென்று படிந்திருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியதோ அந்த அளவுக்குக் கிராங்க் பேரிங்கும் தேய்ந்திருக்கும். ஹெட்டை லேத்தில் ஃபேசிங் செய்வது, விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட், ஹெட் போல்ட், வால்வு சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலன்ட், ஆயில், ஃபில்டர், இவை அத்தனையும் சேர்ந்துதான் 38,000-ஆ என்று எழுதி வாங்குங்கள். "திறந்து பார்த்தால்தான் தெரியும்" என்று மெக்கானிக் சொன்னால் அவர் நேர்மையாகத்தான் பேசுகிறார், ஆனால் தொகை ஏறும் என்பதுதான் அதன் பொருள். மோட்டார் பாலிசியில் இந்த மாதிரி இயந்திரப் பழுதுக்குப் பணம் வராது, அந்தப் பக்கம் அலைய வேண்டாம்.

வரும் மார்ச்சோடு வண்டிக்கு 15 வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்கக் கட்டணம் 5,000. அதோடு பசுமை வரி. எஃப்.சி.க்குக் (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோக பிரேக், லைட், டிங்கரிங் என்று குறைந்தது 10,000. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 3,416, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 4,000. ரிப்பேரையும் கூட்டினால் 57,000 தாண்டும். இன்று கிடைக்கும் 35,000-ஐயும் விடுகிறீர்கள். ஆக 92,000 போட்டு ஒரு லட்சம் மதிப்புள்ள பழைய வண்டியை வைத்திருப்பீர்கள், அதுவும் கார்டு வட்டியில். இந்த ரிப்பேரைச் செய்யாதீர்கள்.

வண்டியை இப்படியே விற்றுவிடுங்கள், மார்ச்சுக்கு முன்பாக. ஆர்.சி. காலாவதியானால் விலை இன்னும் இறங்கும். வருகிற 35,000 அன்றைக்கே கார்டுக்குப் போகட்டும். மீதி 27,000. வீட்டில் ஒரு சின்ன செயின் இருந்தால், மனைவி சம்மதித்தால், பொதுத்துறை வங்கியில் அந்தத் தொகைக்கு மட்டும் அடகு வைத்து கார்டைச் சுத்தமாக முடியுங்கள். ஏன் நகைக்கடன் என்றால், 27,000-க்கு கார்டில் மாதம் 1,115 வட்டி, பத்து சதவீத நகைக்கடனில் 225. இப்போது மினிமம் ட்யூவாகப் போகிற அதே 3,100-ஐ மாதாமாதம் அந்தக் கடனில் கட்டுங்கள். பத்தாவது மாதம் செயின் வீட்டுக்கு வந்துவிடும். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கும் வேலை வேண்டாம். மினிமம் ட்யூ என்ன செய்ததோ அதைத்தான் அதுவும் செய்யும்.

கடன் அடைகிறவரை அந்த கார்டு பீரோவில் இருக்கட்டும். பாக்கியைத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து போன் வரும். வட்டி 15 முதல் 18 சதவீதம், பிராசஸிங் கட்டணம், வட்டிக்கு மேல் ஜி.எஸ்.டி. நகை வைக்க மனமில்லையென்றால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள், மினிமம் ட்யூவுக்கு அது பரவாயில்லை. ஆப்பில் ஒரு விரல் தட்டலில் வரும் 'பிரீ-அப்ரூவ்டு' கடன், மாத வாடகைக்குப் புது கார் தரும் சப்ஸ்கிரிப்ஷன் இரண்டும் உங்கள் சம்பளத்துக்கு வேண்டாம்.

மச்சான் யோசனைக்கு வருவோம். 6 லட்சம், ஒன்பதரை சதவீதம், 7 வருடம் என்றால் மாதம் 9,800. முடிவில் கட்டியிருப்பது 8 லட்சத்து 24 ஆயிரம். பெட்ரோல், முழு இன்ஷூரன்ஸ், சர்வீஸ் சேர்த்து மாதம் 14,000, உங்கள் இருவர் வருமானத்தில் முப்பது சதவீதம். பாதி தருகிறேன் என்பது நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே இருக்கட்டும். கடன் உங்கள் பெயரில், செக் திரும்பினால் சிபிலும் உங்களுடையது. அவர் ஒரு மாதம் தவறினால் நீங்கள் கேட்கத் தயங்குவீர்கள், உங்கள் மனைவி நடுவில் மாட்டிக்கொள்வார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் வண்டி வாடகை எட்டு, ஒன்பதாயிரம். அது கல்யாணச் செலவில் சேர வேண்டியது. "கடன் அடையுறவரை வண்டி எடுக்குறதில்லைன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம் மச்சான்" என்று மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கணக்கை அவரிடம் விளக்கப் போகாதீர்கள், பேரம் ஆகிவிடும்.

அம்மாவுக்கு வண்டி கட்டாயம் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கோவை போய்க் காத்திருந்து திரும்ப 3,500 கேட்டாலும் மாதக் கணக்கில் 1,750. கார்டில் போட்ட பெட்ரோல் பணமே 1,950, இனி அது இல்லை. 1,750-ஐச் சம்பளம் வந்த அன்றே மனைவி கணக்குக்கு மாற்றிவிடுங்கள், நாள் பார்த்து வண்டிக்குச் சொல்லிவிடலாம்.

விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவரின் ஆதார் நகலும் தேதி, நேரம் எழுதிய டெலிவரி ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பதிவு உரிமையாளர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. பழைய இரும்புக்குப் போனாலும் பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். சில வாரம் கழித்து அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகை வண்டி கைமாறும் அன்றே வங்கியில் சொல்லி மூடிவிடுங்கள், இல்லையென்றால் அவர் டோல்கேட் தாண்டும்போதெல்லாம் உங்கள் பணம் போகும்.