கடைசி வீடுகளில் மட்டும் விளக்கு மங்கினால் டர்பைனை மாற்ற வேண்டுமா?

டர்பைனை (தண்ணீர் விசையில் சுழன்று ஜெனரேட்டரை ஓட்டும் சக்கரத்தை) மாற்ற வேண்டாம். கோத்தகிரிச் சரிவில் ஊரார் சேர்ந்து நடத்தும் உங்கள் ஓடை மின்நிலையத்தில், மாலை 7 மணிக்கு மேல் கடைக்கோடி வீடுகளில் மட்டும் விளக்கு மங்குகிறது என்றால், குறை பெரும்பாலும் கம்பியில்தான் இருக்கும்.

உங்கள் ஊரில் இழுத்திருக்கும் 16 சதுர மி.மீ. அலுமினியக் கம்பி 500 மீட்டர் ஓடுகையில், போக வர ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.9 ஓம் தடை சேர்கிறது. சுமை (வீடுகள் இழுக்கும் மின்சாரம்) முழுவதும் கடைசி முனையில் இருப்பதாகக் கொண்டால், 10 ஆம்பியருக்கு 19 வோல்ட்டும், இண்டக்‌ஷன் அடுப்புகள் ஓடி 20 ஆம்பியர் ஆகும்போது 38 வோல்ட்டும் வழியிலேயே இழப்பாகிவிடும்.

இன்று மாலை ஒருவர் மின்நிலையத்திலும் மற்றொருவர் கடைசி வீட்டிலும் ஒரே நேரத்தில் மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள். மின்நிலையத்தில் 230 வோல்ட், கடைசி வீட்டில் 195 என்றால் தடித்த கம்பி தேவை. ஆனால் அதற்குச் செலவிடும் முன் இணைப்புகளைச் சோதியுங்கள். மூடுபனி இறங்கும் இடங்களில் அலுமினியத்தோடு செம்பை நேரடியாக முறுக்கிய முடிச்சுகள் விரைவில் அரித்துப்போகும். இரண்டு இடத்திலும் சேர்ந்தே குறைந்தால், தண்ணீர் போதவில்லை, அல்லது சுமை மிகுந்துவிட்டது, அல்லது ஓடைநீர் உள்ளே நுழையும் இடத்திலுள்ள வடிகட்டித் தட்டியைச் சில்வர் ஓக் இலைகள் அடைத்திருக்கின்றன (இதை முதலில் பாருங்கள், செலவில்லாத வேலை).

கடைசி வீடுகளுக்காக ஜெனரேட்டரின் வோல்ட்டேஜை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். நள்ளிரவில் சுமை இறங்கியதும் அந்த மிகை வோல்ட்டேஜ் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜுகளைக் கெடுத்துவிடும்.