ஆளுநர் வழக்குக்காக டிவியோடு சண்டை போடும் பொண்ணு

திண்டுக்கல்லிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

வணக்கம். பிளஸ் டூ காமர்ஸ் படிக்கும் மகள் சி.ஏ. போவாள் என்று இருந்தீர்கள். இப்போது ஆளுநர் வழக்கு, அரசியலமைப்பு என்று சாப்பாட்டு நேரத்தில் அப்பாவோடு மல்லுக்கு நிற்கிறாள். சட்டம்தான் படிப்பேன் என்கிறாள், சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மல்லுக்கு நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் விவாதம் பார்க்கிற ஆர்வம் வேறு, கட்டுக்கட்டாகக் காகிதம் படிக்கிற பொறுமை வேறு. அவளிடம் எது இருக்கிறது என்று அந்த வழக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

தமிழ்நாடு சட்டமன்றம் இரண்டாம் முறையும் நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களை ஆளுநர் குடியரசுத் தலைவருக்குத் தள்ளிவிட்டார். அது செல்லாது என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவைக் கையில் எடுத்து, அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றார்கள். இனிமேல் இத்தனை மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட 14 கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள். கோர்ட் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது; ஆனால் காரணம் சொல்லாமல் கிடப்பில் போட்டே வைத்திருந்தால், ஒரு முடிவை எடுங்கள் என்று மட்டும் சொல்லலாம் என்றார்கள். மசோதா வந்தால் ஆளுநர் என்ன செய்யலாம் என்று சொல்லும் 200-ஆவது பிரிவில் 'கூடிய விரைவில்' என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது. எத்தனை நாள் என்று எங்கும் இல்லை. சண்டை முழுக்க அந்தச் சந்துக்குள்தான்.

ஏப்ரல் தீர்ப்பு மட்டும் நானூறு பக்கத்துக்கு மேல். மொத்தமும் வேண்டாம். இரண்டிலும் கெடு பற்றிய பகுதியை மட்டும் படித்துவிட்டு, தனக்குப் பிடிக்காத தரப்புக்காக ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வக்கீல் தொழிலில் பாதி அதுதான்.

இன்னொன்றும் அவள் காதில் போடுங்கள். 'அரசியலமைப்பு வக்கீல்' என்று போர்டு மாட்டிக்கொண்டு யாரும் தொழில் தொடங்குவதில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் ரிட் (அரசு அதிகாரிகளுக்கு எதிரான மனு) போடுவது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில். பட்டா மாறுதல் மனு தாசில்தார் மேசையில் தூங்குகிறது, பென்ஷன் நிலுவை வரவில்லை, இப்படித்தான் கேஸ் வரும். 'மனுவைப் பரிசீலித்து 12 வாரத்துக்குள் உத்தரவு போடு' என்கிற மாதிரி உத்தரவு அங்கே சர்வசாதாரணம். தாசில்தாருக்கு வாரக் கணக்கில் கெடு வைக்கிற கோர்ட், ஆளுநருக்கு ஏன் வைக்க முடியாது? டிவியில் இதைக் கேட்க ஆளில்லை. உங்கள் பொண்ணு கேட்டால், எனக்குச் சந்தேகமே இல்லை, சேர்த்துவிடுங்கள்.

சேர்க்கை பெரிய தலைவலி இல்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க்தான் கணக்கு, காமர்ஸ் குரூப் தடையில்லை. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கவலைப்பட வேண்டியது படிப்பு முடிந்த பிறகான இரண்டு மூன்று வருஷத்துக்கு. ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. எல்லா சீனியரும் தருகிறார்கள் என்று நம்பி பட்ஜெட் போடாதீர்கள். முடித்ததும் நேராக நீதிபதித் தேர்வு எழுதிவிடலாம் என்ற கணக்கும் இப்போது செல்லாது. உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருஷ வக்கீல் அனுபவம் கட்டாயம். அதுவரை வீட்டிலிருந்து ஏதாவது கொடுக்க முடியுமா என்று நீங்களும் அவள் அப்பாவும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். டைப் அடிக்க வேண்டாம், அடித்தல் திருத்தலோடு அப்படியே வரட்டும்.