ராணுவத்தில் காலை இழந்த தம்பி எந்த உதவியும் கேட்க மறுக்கிறார், என்ன செய்வது?

டர்பனிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தம்பி தென்னாப்பிரிக்க ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்தவர். முகாமில் வேலை செய்யும்போது அடிபட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது அறையை விட்டு வருவதில்லையாம்.

எனக்கும் இடது கால் அப்படித்தான். கிழக்குக் காங்கோவில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தபோது எங்கள் லாரி கவிழ்ந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள என் வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் "சண்டையிலா?" என்பார்கள். இல்லை என்றதும் ஏமாந்த மாதிரி டீயைக் குடிப்பார்கள். விபத்தில் பட்டதற்குப் போய்க் கை நீட்டுவதா என்ற கூச்சம் உங்கள் தம்பிக்கும் இருக்கலாம்.

சட்டத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2011-ஆம் ஆண்டு முன்னாள் படைவீரர் சட்டப்படி, 1994க்குப் பிறகு படையில் சேர்ந்து, பயிற்சியை முடித்து, இப்போது பணியில் இல்லாதவர் முன்னாள் படைவீரர்தான். ஒழுங்கு நடவடிக்கையில் அவமதிப்போடு நீக்கப்பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். தோட்டா பட்டதா என்று அந்த வரையறை கேட்பதே இல்லை. மருத்துவம், மனநல ஆலோசனை, ஊனத்துக்கு இழப்பீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதில் வருகின்றன. 1961க்கு முந்தைய யூனியன் படையில் இருந்தவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரில், தென்னாப்பிரிக்க இந்தியர்களான நம் தாத்தாக்கள் கையில் துப்பாக்கியே கொடுக்கவில்லை. லாரி ஓட்டவும் ஸ்ட்ரெச்சர் தூக்கவும்தான் விட்டார்கள். அவர்களும் படைவீரர்களே.

ஆனால் சட்டம் பேசுவதற்கு முன்னால், சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் மீதிக் கால் நுழையும் கிண்ணம், வலிக்கிறதா என்று கேளுங்கள். மனச்சோர்வு என்று வீட்டார் சொல்வதில் பாதி வெறும் வலி. முதல் சில மாதங்களில் மீதிக் கால் சுருங்கிக்கொண்டே போகும். காலையில் கச்சிதமாக இருக்கும் செயற்கைக் கால் மத்தியானம் லொடலொடக்கும். உள்ளே இன்னொரு சாக்ஸ் போட வேண்டும், ஒரு கட்டத்தில் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் மீதிக் காலில் மாட்டும் லைனர் என்ற மெத்தென்ற உறைக்குள் வியர்வை தேங்கித் தோல் உரியும். அதோடு நடக்கச் சொல்லி வற்புறுத்தினால் யார்தான் வெளியே வருவார்?

இல்லாத காலில் விரல்கள் மடங்கி இழுக்கிற வலியும் இருக்கிறதா என்று கேளுங்கள். நம் தமிழர், நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்டுபிடித்த கண்ணாடி வைத்தியம் இதற்குத்தான். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே விரல்களை மெதுவாக விரிக்க வேண்டும். எல்லோருக்கும் கேட்காது, எனக்குக் கேட்டது. பிசியோதெரபிஸ்டிடம் சொல்லித் தொடங்குங்கள்.

அப்புறம் காகிதம். பணிச்சான்று, விபத்து அறிக்கை, மருத்துவக் கோப்பு, அடையாள அட்டை நகல். நகல்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் காசில்லாமல் முத்திரை குத்தித் தருவார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். ஓர் அலுவலகத்தில் என் கோப்பு காணாமலே போயிற்று. எதைக் கொடுத்தாலும் இன்னொரு நகலில் தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நாங்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து மற்ற வீரர்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிறோம். உதவி வாங்க என்று சொன்னால் தம்பி வர மாட்டார். எழுதித் தர ஆள் தேவை என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான். வருகிறவர்களில் ஜூலு பேசுகிறவர்கள் அதிகம், எங்களில் ஒருவருக்குத்தான் சரளமாக வரும். தம்பிக்கு ஜூலு தெரியுமா?